ஒரே சர்வர், ஒரே கஸ்டமர்: சில மெயில் போகிறது, சில மெயில் திரும்பி வருகிறது

கிண்டி_கேஸ்கட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் சீல், கேஸ்கட் செய்யும் சின்ன கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மெயில் சர்வரும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்), டவ்காட் (மெயில்பெட்டியைத் திறந்து காட்டும் மென்பொருள்). மிஷின் ஆபீஸிலேயே இருக்கிறது, ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) உள்ள லைன். பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய சர்வர்.

கொஞ்ச நாளாக வெளியே போகும் மெயிலில் மட்டும் தகராறு. உள்ளே வருவது எல்லாம் ஒழுங்காக வருகிறது. எல்லாமே திரும்பினால்கூட ஒரு வழியில் தேடலாம், இங்கே அப்படியும் இல்லை. ஒரகடத்தில் ஒரு கஸ்டமர் இருக்கிறார், அவருடைய ஸ்டோர்ஸ் ஆள் பயன்படுத்துவது ஜிமெயில். காலையில் அனுப்பிய இன்வாய்ஸ் அவருடைய இன்பாக்ஸுக்கே போய்விட்டது. மத்தியானம் அடுத்த லோடுக்கான இன்வாய்ஸ், அதே முகவரி, 550 5.7.25 என்று திரும்பி வந்தது. அனுப்பும் ஐபிக்குப் பிடிஆர் ரெக்கார்ட் (அந்த ஐபி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் பதிவு) இல்லையாம். சாயங்காலம் அனுப்பியது அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது. வண்டி அவர்கள் கேட்டில் நிற்கிறது, டிரைவர் எனக்குப் போன் மேல் போன் அடிக்கிறார். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால், மெயிலில் வந்தால்தான் என்ட்ரி போடுவோம் என்கிறார்கள். அவர்கள் முறை அது, குறை சொல்ல முடியாது.

நான் பார்த்தவரை சொல்லிவிடுகிறேன். ஐபிகளை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் ஐபி 203.0.113.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிடிஆர் இருக்கிறது, அந்தப் பெயரைத் திருப்பித் தேடினாலும் இதே ஐபிதான் வருகிறது. எஸ்பிஎஃப் (எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியல்) ஒன்றே ஒன்று, அதில் இந்த ஐபி இருக்கிறது, கடைசியில் சாஃப்ட்ஃபெயில் (பட்டியலில் இல்லாததைச் சந்தேகப்படு, ஆனால் மறுக்காதே). டிகேஐஎம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையெழுத்து) 2048 பிட் கீ, சோதனையில் பாஸ். டிமார்க் ரெக்கார்டும் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது) போட்டிருக்கிறேன், பி=நன், அதாவது எதுவும் செய்யாதே. ஸ்பேம் வரும் ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் தேடினால் எங்கள் ஐபி எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியின் சர்வர், நீங்கள் ஸ்பாம்ஹாஸ் ஜென் (அவர்களுடைய ஐபி பட்டியல்கள் சேர்ந்தது) பட்டியலில் இருக்கிறீர்கள் என்று 554 5.7.1 சொல்லி மெயிலை மறுத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத ஐபியை எப்படி மறுக்கிறார்கள் என்றே புரியவில்லை. லைன் கொடுத்தவர்களிடம் டிக்கெட் போட்டால் எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள்.

மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு) போட வேண்டும். அதற்கு முன்னால் கஸ்டமர்கள் இன்வாய்ஸைப் பார்த்துத் திருத்தம் இருந்தால் சொல்ல வேண்டும். அந்த மெயில்கள் போகாமல் கிடந்தால் மாதக் கடைசியே சிக்கலாகிவிடுகிறது. அனுபவம் உள்ள அண்ணன்மார் யாராவது வழி சொல்லுங்கள்.

பெரம்பூர்_லினக்ஸ் எழுதியது:

ப்ரோ, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் ரொம்பக் கறாராகிவிட்டது. சின்ன அளவில் அனுப்புகிறவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வைத்திருக்க வேண்டும், பிடிஆர் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும், டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்க முடியாத இணைப்பு) வேண்டும். ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் போனால் டிமார்க்கும் கட்டாயம். உங்களிடம் இதெல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நேரத்தை வீணாக்காமல் ஒரு ரிலே சேவை (நம் மெயிலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் சேவை) எடுத்து, போர்ட் 587 (பாஸ்வேர்டு கொடுத்து மெயிலை ஒப்படைக்கும் வாசல்) வழியாக எல்லா மெயிலையும் அதற்குத் தள்ளிவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் வரி ஒன்றும் பாஸ்வேர்டு ஃபைல் ஒன்றும்தான். மாதக் கட்டணம் கொஞ்சம் ஆகும், தலைவலி இருக்காது.

மாம்பலம்_போஸ்ட்மாஸ்டர் எழுதியது:

ரிலே நல்ல யோசனைதான், தேவைப்பட்டால் அதற்கும் வருவோம். ஆனால் என்ன பழுது என்று தெரியாமல் ரிலேவுக்குப் போனால் அந்தப் பழுது அங்கேயே உட்கார்ந்திருக்கும், நாளைக்கு வேறு வடிவத்தில் வரும். தம்பி எழுதியிருப்பதில் பதில் பாதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

தம்பி, 203.0.113.40ஐ நீங்கள் நன்றாகவே சோதித்திருக்கிறீர்கள், அதில் குறை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கூகுள் எந்த ஐபியைப் பார்த்து பிடிஆர் இல்லை என்றது? திரும்பி வந்த மெயிலை முழுதாகத் திறந்து பாருங்கள். 550 வரியில் சதுர அடைப்புக்குள் ஒரு ஐபி இருக்கும், அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த ஐபி அதுதான். பலரும் பிழை எண்ணைப் பார்த்துவிட்டு அந்த அடைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, போய்ச் சேர்ந்த மெயில்களுக்கு உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் எவ்வளவு தேடினாலும் வெளியே போன பொது ஐபி கிடைக்காது. சர்வருக்குத் தெரிந்தது 192.168இல் தொடங்கும் தன்னுடைய உள் முகவரி மட்டும். அதைப் பொது ஐபியாக மாற்றுவது ரூட்டரோ ஃபயர்வாலோ. அதனால் மெயில் எந்த வழியாக வெளியேறியது என்று வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஸ்டோர்ஸ் நண்பரைக் காலையில் வந்த மெயிலையும் ஸ்பேமில் கிடந்த மெயிலையும் ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்து அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிசீவ்ட் ஹெட்டர்களில் (மெயில் கடந்து வந்த சர்வர்களின் குறிப்பு), கூகுள் சர்வர் உங்கள் சர்வரிடமிருந்து வாங்கிய அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள்.

என் ஊகத்தைச் சொல்லவா? உங்கள் ஆபீஸில் சமீபத்தில் இரண்டாவது நெட் லைன் ஏதாவது வந்ததா?

கிண்டி_கேஸ்கட் எழுதியது:

அண்ணா, ஆமாம், வந்தது. எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கேபிள் அடிக்கடி அறுந்து ஆபீஸே நின்றுபோனது. அதனால் ஏரியா கேபிள்காரரிடம் இன்னொரு பிராட்பேண்ட் எடுத்தோம். நெட்வொர்க் ஆள் வந்து பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் பெட்டியில் இரண்டு லைனையும் சேர்த்து, இனிமேல் வேகமும் இரட்டிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் மெயிலையும் சேர்த்து யோசிக்க எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை, உள்ளே வரும் மெயில் ஒழுங்காகத்தானே இருந்தது.

நீங்கள் சொன்னபடி பார்த்துவிட்டேன். இன்பாக்ஸுக்குப் போன மெயிலில் 203.0.113.40. ஸ்பேமுக்குப் போனதில் 198.51.100.23. 550 என்று திரும்பியதில் அடைப்புக்குள் 198.51.100.77. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி மறுத்ததும் இதே 77தான். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஐபிகள். பிஎஃப்சென்ஸில் இரண்டாவது லைனின் முகவரி 100.72 என்று தொடங்குகிறது, இந்த 198 எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

மாம்பலம்_போஸ்ட்மாஸ்டர் எழுதியது:

அருமையாகத் தேடியிருக்கிறீர்கள் தம்பி. இப்போது எல்லாம் ஒரே இழையில் வந்துவிட்டது, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

100.64இலிருந்து 100.127 வரை உள்ள முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை, கேரியர் நேட் என்பார்கள். ஐபிவி4 முகவரி போதாததால் நெட் கொடுப்பவர் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் உட்கார வைக்கிறார். உங்கள் கேபிள் லைனிலிருந்து போவது இன்றைக்கு 23 வழியாக வெளியேறும், நாளைக்கு 77 வழியாக. அதே 77இல் உங்களுடைய மெயில் சர்வரும் இருக்கும், யாரோ வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் கேமும் இருக்கும்.

உங்கள் மூன்று விதமான முடிவுக்கும் காரணம் இதுதான். முதல் லைனில் போன மெயிலுக்கு எல்லாம் பொருந்தியது, இன்பாக்ஸுக்குப் போனது. 23 வழியாகப் போனதற்கு ஏதோ ஒரு பொதுவான பிடிஆர் இருந்திருக்கும். எஸ்பிஎஃப் சாஃப்ட்ஃபெயில், ஆனால் டிகேஐஎம் கையெழுத்து சரியாக இருந்ததால் உள்ளே விட்டார்கள், நம்பிக்கை வராததால் ஸ்பேமில் போட்டார்கள். 77க்குப் பிடிஆரே இல்லை, வாசலிலேயே 550. இரண்டு லைனையும் சரிபாதியாகப் பங்கிடும் அமைப்பில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஏதோ ஒரு லைனில் போகும். அதனால்தான் ஒரே முகவரிக்கு மணிக்கொரு முடிவு வந்தது. உள்ளே வரும் மெயில் எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயிலை எங்கே கொடுப்பது என்று சொல்லும் பதிவு) பார்த்து நேராக முதல் லைனுக்கு வருகிறது, அது குழம்ப வழியே இல்லை.

ஸ்பாம்ஹாஸ் விஷயமும் இங்கேயே தீர்கிறது. நீங்கள் 40ஐத் தேடினீர்கள், அவர்கள் மறுத்தது 77ஐ. 77ஐத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் பிபிஎல் என்ற பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கிய, நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபி வரிசைகளின் பட்டியல் அது. பல இடங்களில் நெட் கொடுப்பவர்களே தங்கள் வரிசைகளை அதில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பம் போடுவதில் உங்களுக்குப் பயன் இல்லை, அந்த ஐபி உங்களுடையதே அல்ல. இடையில் ஒன்று, டிஎன்எஸ் (பெயர்களையும் ஐபிகளையும் தேடித் தரும் முறை) வழியாக ஸ்பாம்ஹாஸைக் கேட்பதாக இருந்தால் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (எல்லோருக்கும் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்காதீர்கள். 127.255.255.254 என்று ஒரு பதில் வரும். பொது ரிசால்வருக்குப் பதில் தர மாட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஐயோ மாட்டிக்கொண்டோம் என்று அதைப் பார்த்து நினைத்தவர்கள் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். பல நெட் கம்பெனிகள் வீட்டு லைனில் போர்ட் 25ஐ (சர்வரிலிருந்து சர்வருக்கு மெயில் போகும் வாசல்) வெளியே போகவிடாமல் அடைத்துவிடுவார்கள். உங்கள் கேபிள்காரர் அடைக்கவில்லை. அடைத்திருந்தால் உங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும். கனெக்‌ஷன் டைம்டு அவுட், 4.4.1 என்று வந்து மெயில் க்யூவில் நின்றிருக்கும், சில நிமிஷம் கழித்து அடுத்த முயற்சி முதல் லைனில் போய்ச் சேர்ந்திருக்கும். 4இல் தொடங்கும் பதில் வந்தால் சர்வர் வைத்திருந்து மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் அங்கேயே முடிந்தது, மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். உங்கள் மெயில்கள் தப்பான வாசலில் போய் 5 வாங்கிக்கொண்டு வருகின்றன.

ஆவடி_நெட்வொர்க் எழுதியது:

அந்த இரண்டு ஐபியையும் எஸ்பிஎஃப்பில் சேர்த்துவிட்டால் போதாதா? ஒரு வரி வேலை. ஃபயர்வாலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மாம்பலம்_போஸ்ட்மாஸ்டர் எழுதியது:

போதாது நண்பரே, அதைச் செய்யவும் கூடாது. பிடிஆர் இல்லாத குறை அப்படியேதான் இருக்கும், எஸ்பிஎஃப் அதைத் தீர்க்காது. பிபிஎல்லும் அப்படியே. அடுத்த வாரம் கேபிள்காரர் வேறொரு ஐபிக்கு மாற்றினால் திரும்பவும் முதலிலிருந்து. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த ஐபிக்குப் பின்னால் முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அதில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பினால் அதற்கும் எஸ்பிஎஃப் பாஸ் விழும். தெருவுக்கே வீட்டுச் சாவி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பேங்க் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதுக் கணக்குக்குப் பணம் போடுங்கள் என்று உங்கள் பெயரில் கஸ்டமருக்கு மெயில் போவது சிறு கம்பெனிகளைச் சாய்த்துவிடும் மோசடி. அந்த வாசலை நாமே திறந்துவைக்கக் கூடாது.

தம்பி, செய்ய வேண்டியது ஃபயர்வாலில்தான். உள் வலையின் ரூல்களில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரூல் போடுங்கள்: மெயில் சர்வரின் உள் ஐபியிலிருந்து வெளியே டிசிபி 25க்குப் போவது எதுவானாலும் முதல் லைனின் கேட்வே (அந்த லைன் வெளியேறும் வாசல்) வழியாக மட்டும். இரண்டு லைனையும் சேர்த்த குழுவை அதில் தேர்ந்தெடுக்காதீர்கள், தனி லைனைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசிங்குக்கு இரண்டு லைனும் இப்போது இருப்பதைப் போலவே சேர்ந்து ஓடட்டும்.

இதோடு நிறுத்தினால் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கும். பிஎஃப்சென்ஸில் ஒரு லைன் விழுந்துவிட்டால், அந்த லைனைக் குறிப்பிட்ட ரூல் கேட்வே இல்லாமலே செயல்படும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அப்போது உங்கள் மெயில் மறுபடி கேபிள் லைனில் கிளம்பிவிடும். அட்வான்ஸ்டு செட்டிங்கில் கேட்வே விழுந்தால் அதன் ரூலை உருவாக்காதே என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். அப்புறம் முதல் ரூலுக்கு நேர் கீழே, உள்ளிருந்து யார் 25க்குப் போனாலும் தடுக்கும் இன்னொரு ரூல். சர்வரைத் தவிர ஆபீஸில் வேறு எந்த கம்ப்யூட்டருக்கும் 25இல் வேலை இல்லை. மெயில் அனுப்ப அவர்களுக்கு 587 இருக்கிறது. யாராவது ஒருவருடைய லேப்டாப்பில் கிருமி வந்தாலும் உங்கள் நல்ல ஐபி கெடாமல் இருக்கும்.

முதல் லைன் அறுந்தால் மெயில் நின்றுவிடுமே என்று கவலை வரும். நிற்கட்டும், அதற்குத்தான் க்யூ. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஐந்து நாள் வைத்திருக்கும், முதலில் ஐந்து நிமிஷத்தில், பிறகு இடைவெளியைக் கூட்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வரை விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும். தாமதமாகப் போனாலும் கஸ்டமர் கையில் கிடைக்கும். 550 வாங்கினால் கிடைக்கவே கிடைக்காது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிலே வார்னிங் டைம் என்ற அமைப்பு இயல்பாகப் பூஜ்யத்தில் இருக்கும், அதாவது மெயில் க்யூவில் கிடப்பதை யாருக்கும் சொல்லாது. அதை ஒரு மணி நேரமாக வையுங்கள். இன்வாய்ஸ் நின்றுபோனால் அனுப்பியவருக்கே தகவல் வரும், அவர் கஸ்டமருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம்.

டிமார்க் ரெக்கார்டில் ஆர்யுஏ என்று ஒரு முகவரி சேர்த்தீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சேருங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து எத்தனை மெயில் வந்தது, எத்தனை தேறியது என்று கூகுள் போன்றவர்கள் பெரும்பாலும் நாள்தோறும் எக்ஸ்எம்எல்லில் அறிக்கை அனுப்புவார்கள். அது இருந்திருந்தால் இரண்டாவது லைன் போட்ட மறுநாளே 198.51.100 கண்ணில் பட்டிருக்கும்.

கிண்டி_கேஸ்கட் எழுதியது:

அண்ணா, ஆபீஸ் முடிந்த பிறகு நெட்வொர்க் ஆளை உட்கார வைத்து நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தோம். அவருக்கும் அந்த கேட்வே விஷயம் புதுசு, குறித்துக்கொண்டு போனார்.

சோதிக்க முதல் லைனின் கேபிளைக் கையால் பிடுங்கிவிட்டு எனக்கே ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பிரவுசர் கேபிள் லைனில் ஓடிக்கொண்டிருந்தது, மெயில் போகவில்லை. மெயில்க்யூ பார்த்தால் கனெக்‌ஷன் டைம்டு அவுட் என்று வரிசையில் நிற்கிறது. கேபிளைத் திருப்பிச் செருகிவிட்டு, க்யூவைத் தட்டிவிடும் கட்டளையைக் கொடுக்காமல் காத்திருந்தேன். தானாகவே போய் இன்பாக்ஸில் விழுந்தது. ஹெட்டரில் 203.0.113.40. ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பியதும் 250 (ஏற்றுக்கொண்டோம் என்ற பதில்) வாங்கிவிட்டது. ஆர்யுஏவும் சேர்த்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஏற்கெனவே திரும்பி வந்த இன்வாய்ஸ்களை க்யூவிலிருந்து மறுபடி அனுப்ப முடியுமா? அப்புறம், மழைக்காலத்தில் லைன் ஒரு நாள் முழுக்கவோ அதற்கு மேலோ போய்விட்டால் என்ன செய்வது? 10ஆம் தேதி அப்படி ஆனால் காத்திருக்க முடியாதே.

மாம்பலம்_போஸ்ட்மாஸ்டர் எழுதியது:

கேபிளைப் பிடுங்கிச் சோதித்தது ரொம்ப நல்ல காரியம். விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்காத ஃபெயில்ஓவரை நம்பக் கூடாது.

5 வாங்கியவை க்யூவில் இருக்காது தம்பி, திரும்பியதும் போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை விட்டுவிடும். லாக்கில் ஸ்டேட்டஸ் பவுன்ஸ்டு என்று தேடி, எந்தெந்த முகவரி என்று பட்டியல் எடுத்துக்கொண்டு, சென்ட் ஃபோல்டரிலிருந்து கையால்தான் மறுபடி அனுப்ப வேண்டும். ஸ்பேமுக்குப் போனவை லாக்கில் 250 என்றே இருக்கும், லாக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது லைன் வந்த பிறகு அனுப்பிய இன்வாய்ஸ்களுக்கு ஜிமெயில் வைத்திருக்கும் கஸ்டமர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்பேமில் இருந்தால் 'ஸ்பேம் இல்லை' என்று அவர்கள் அழுத்தினால் உங்கள் டொமைனுக்கும் நல்லது.

இரண்டாவது கேள்விக்கு பெரம்பூர் நண்பர் சொன்ன ரிலேதான் பதில். கணக்கை இப்போதே எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் வரியை எழுதி, முன்னால் ஒரு ஹேஷ் (#) போட்டு அணைத்து வையுங்கள். லைன் நாள் கணக்கில் போனால் ஹேஷை எடுத்துவிட்டு ரீலோடு கொடுங்கள். 587 வழியாக, பாஸ்வேர்டோடு, கேபிள் லைனிலேயே போகலாம், உங்கள் 25 ரூல் அதைத் தடுக்காது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது ரிலேவின் ஐபி, கேபிள்காரருடையது அல்ல. ரிலே சேவைக்காரர்கள் சொல்லும் இன்க்ளூடை (அவர்கள் ஐபிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு) உங்கள் ஒரே எஸ்பிஎஃப் வரிக்குள்ளேயே சேருங்கள். தனியாக இரண்டாவது எஸ்பிஎஃப் ரெக்கார்ட் போட்டால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். டிஎன்எஸ் தேடல் மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். டிஎன்எஸ் மாற்றம் பரவ நேரம் எடுக்கும், அதனால் லைன் அறுந்த பிறகு அதைத் தொடங்காதீர்கள், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

பெரம்பூர்_லினக்ஸ் எழுதியது:

ரிலே எடுக்கும்போது ஒன்று பாருங்கள் ப்ரோ. சில சேவைகள் அனுப்பும் முகவரியை முதலில் சரிபார்த்தால்தான் ஏற்றுக்கொள்ளும், புதுக் கணக்குக்கு ஆரம்பத்தில் நாளுக்கு இத்தனை மெயில் என்று வரம்பும் வைப்பார்கள். கணக்கு எடுத்ததும் ஆபீஸ் மெயில் ஐடி எல்லாவற்றிலிருந்தும் ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

கிண்டி_கேஸ்கட் எழுதியது:

சரி, அப்படியே செய்கிறேன். பவுன்ஸ் பட்டியல் எடுத்துவிட்டேன், பெரும்பாலும் ஒரகடம், மறைமலை நகர் பக்கத்துக் கஸ்டமர்கள்தான். நாளைக்குக் காலையில் ஒவ்வொருவருக்கும் போன் செய்துவிட்டு மறுபடி அனுப்புகிறேன். மாம்பலம் அண்ணனுக்கும் பெரம்பூர் ப்ரோவுக்கும் மனமார்ந்த நன்றி.